சிந்தாத எரிபொருள், கண்ணில் படாத தீ

மாணவர்களே, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ கடைசியாக நீங்கள் போன கல்யாண விருந்தை நினைத்துப் பாருங்கள். நீளமான மேசையில் வரிசையாக எவர்சில்வர் பாத்திரங்கள். ஒன்றில் பிரியாணி, ஒன்றில் கோழிப் பிரட்டல், ஒன்றில் காய்கறிக் கூட்டு. மூடியைத் திறந்தால் ஆவி பறக்கிறது. சமைத்து மூன்று மணி நேரமாகியும் சாப்பாடு எப்படிச் சூடாக இருக்கிறது?

அடுத்த முறை கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கீழே ஒரு சிறிய டின் இருக்கும். உள்ளே இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ பாகு போன்ற ஒரு பொருள். அதுதான் ஜெல் எரிபொருள். குளிர் நாடுகளில் இதே பொருளை வீட்டுக் கணப்பில் வைத்துக் கொளுத்திக் குளிர் காய்கிறார்கள். புகைபோக்கி இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் இந்த ஜெல் கணப்பை வைக்கலாம் என்பது அதன் பெருமை.

கோலாலம்பூரில் நமக்குக் குளிர் காய வேண்டிய தேவை இல்லை. கேமரன் மலைக்குச் சுற்றுலா போனால் மட்டுமே அந்த ஆசை வரும். ஆனாலும் ஜெல் தீ நம்மிடையே இருக்கிறது. விருந்து மேசையின் அடியில் இருக்கிறது. மேசை அலங்காரத் தீக்கிண்ணமாகவும் விற்பனைக்கு வருகிறது. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் அம்மா, அத்தைக்கு உதவப் போகும் நீங்களே நாளை அதைப் பற்றவைக்க நேரலாம். அதனால் அது எப்படி எரிகிறது, எங்கே ஏமாற்றும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜெல் என்றால் என்ன?

வீட்டில் அகார் அகார் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சில கிராம் அகார் அகார், ஒரு பெரிய கிண்ணம் தண்ணீரைக் கட்டிப்போட்டுவிடுகிறது. வெட்டினால் துண்டு துண்டாக நிற்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அகாரின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி மீன்வலை போல ஆகிவிடுகின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கிறது.

எரிபொருள் ஜெல்லும் இப்படித்தான். அங்கே வலைக்குள் சிக்கியிருப்பது ஆல்கஹால். பெரும்பாலும் எத்தனால், சிலவற்றில் மெத்தனால் அல்லது ஐசோபுரொப்பனால். கூடவே கொஞ்சம் தண்ணீரும், கெட்டியாக்கும் பொருளும் இருக்கும். கோவிட் காலத்தில் நாம் கையில் தடவிய கைத்தூய்மி ஜெல் இதற்கு நெருங்கிய உறவு. கைத்தூய்மி தடவியதும் கை நன்றாகக் காய்ந்த பிறகே அடுப்பருகே போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இந்த யோசனை புதியதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நியூயார்க்கின் ஸ்டெர்னாவ் நிறுவனம் கெட்டியாக்கிய ஆல்கஹாலை டின்னில் அடைத்து விற்றது. ஸ்டெர்னோ என்ற பெயரில் அது புகழ்பெற்றது. போர்முனையில் இருந்த வீரர்கள் உணவைச் சூடாக்க அது உதவியது.

ஜெல்லால் என்ன நன்மை?

முதலாவது, சிந்தாது. திரவ ஆல்கஹால் உள்ள விளக்கு கவிழ்ந்தால் ஒரு நொடியில் மேசை முழுதும் ஓடிவிடும். ஜெல் மெதுவாகத்தான் நகரும்.

இரண்டாவது, புகையும் கரியும் மிகக் குறைவு. வீட்டில் கற்பூரம் ஏற்றினால் தட்டிலும் சுவரிலும் கரி படிவதைக் கவனித்திருப்பீர்கள். கற்பூர மூலக்கூறு ஒன்றில் 10 கரிம அணுக்கள், 16 ஹைட்ரஜன் அணுக்கள், ஓர் உயிர்வளி அணு உள்ளன. எத்தனாலில் கரிம அணுக்கள் 2 மட்டுமே. ஹைட்ரஜன் 6, உயிர்வளி 1. கற்பூரத்தில் இவ்வளவு கரிமத்தையும் எரித்து முடிக்கச் சுற்றியுள்ள காற்று உடனே போதுவதில்லை. எரியாமல் மிஞ்சும் கரிமம் கரித்துகளாக வெளியேறுகிறது. எத்தனாலில் அந்தச் சிக்கல் இல்லை. அது எரிந்து கரிவளியாகவும் (கார்பன் டை ஆக்சைடு) நீராவியாகவும் மாறிவிடுகிறது.

மூன்றாவது, நிதானமான சூடு. ஆல்கஹால் ஜெல்லின் மேற்பரப்பிலிருந்து மட்டுமே ஆவியாகி எரிகிறது. அதனால் ஒரு டின் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரே சீராக எரியும். நம் ஊருக்கு இதுதான் முக்கியமான நன்மை. சமைத்த உணவு 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நெடுநேரம் இருந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெளியே 32 பாகை வெயில் அடிக்கும் கிள்ளானில், மண்டப மேசையில் வைத்த கோழிக் குழம்பு தானாக ஆறினால் நேராக அந்த ஆபத்து வட்டத்துக்குள் போய்விடும். உணவை 60 பாகைக்கு மேலே வைத்திருக்கும் வேலையை அந்தச் சிறிய டின் செய்கிறது. உணவுத் தட்டுக்கும் தீக்கும் நடுவே உள்ள தண்ணீர்த் தட்டு, உணவு அடிப்பிடிக்காமல் சூட்டைச் சமமாகப் பரப்புகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு டின்னில் 200 கிராம் ஜெல், அதில் 140 கிராம் எத்தனால் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் எத்தனால் எரிந்தால் ஏறக்குறைய 27 கிலோஜூல் வெப்பம் வரும். 140 கிராமுக்கு 3,780 கிலோஜூல். அது இரண்டரை மணி நேரத்தில், அதாவது 9,000 விநாடிகளில் எரிந்து தீர்ந்தால், ஒரு விநாடிக்கு 420 ஜூல். அதாவது 420 வாட். உணவைச் சூடாக வைத்திருக்க இது போதும். ஆனால் அலங்காரத்துக்காகக் குளிர்சாதன அறையில் இதை ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 2,600 ஜூல் வெப்பத்தை வெளியேற்றும். அதில் ஆறில் ஒரு பங்கை ஒரே ஒரு டின் தின்றுவிடுகிறது!

இனி அந்த அறையின் காற்றைப் பார்ப்போம். 46 கிராம் எத்தனால் எரிந்தால் 88 கிராம் கரிவளி உண்டாகும். ஆகவே 140 கிராமுக்கு 268 கிராம். அறை வெப்பநிலையில் அது ஏறக்குறைய 150 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 30,000 லிட்டர். கதவு, சன்னல் எல்லாம் இறுக மூடியிருந்தால், கரிவளியின் அளவு 0.5 விழுக்காடு கூடும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 விழுக்காடு சொச்சம்தான். அதாவது பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. பல நாடுகளில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பே அந்த 0.5 விழுக்காடுதான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலியும் மந்தமும் வரலாம். உயிர்வளி குறையும்போது எரிதல் முழுமையடையாமல், நச்சான கார்பன் மோனாக்சைடும் சேரலாம்.

“குளிர்சாதனம் ஓடுகிறதே, காற்று மாறாதா?” என்று கேட்பீர்கள். மாறாது. நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண குளிர்சாதனம் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. ஆகவே புகைபோக்கி தேவையில்லை என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், சன்னல் தேவைதான்.

எரிவது எது?

ஜெல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது ஜெல்லுக்கு மேலே எழும் ஆல்கஹால் ஆவி. அந்த ஆவி காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் தீப்பிடிக்கும். எத்தனாலுக்கு அந்த அளவு ஏறக்குறைய 3.3 முதல் 19 விழுக்காடு வரை.

ஒவ்வொரு எரிபொருளுக்கும், தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகைக்கு மேல். எத்தனாலுக்கு ஏறக்குறைய 13 பாகை. தண்ணீர் கலந்திருந்தால் சில பாகை கூடும். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியென்றால், நம் ஊரில் திறந்து வைத்த ஆல்கஹால் ஜெல்லிலிருந்து ஆண்டு முழுவதும், இரவும் பகலும், தீப்பற்றத் தயாராக ஆவி எழுந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. மேலே பறந்து போகாமல் மேசையின்மேலும் தரையிலும் தாழ்ந்து பரவும்.

இன்னொரு சிக்கல், எத்தனால் தீ நீல நிறமானது. மெழுகுவர்த்தியின் சுடர் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் அதில் சூடேறி ஒளிரும் கரித்துகள்கள். எத்தனாலில் கரி மிகக் குறைவு. அதனால் ஒளிர ஒன்றுமில்லை. மண்டபத்தின் பளிச்சென்ற விளக்கொளியில் அந்த மெல்லிய நீலச் சுடர் கண்ணில் படாமலே போகலாம். மெத்தனால் தீ இன்னும் மோசம். பகல் வெளிச்சத்தில் ஏறக்குறைய தெரியவே தெரியாது. எதனால் இந்த எரிபொருளைச் சுத்தமானது என்று புகழ்ந்தோமோ, அதே காரணத்தால்தான் அதன் தீ நமக்குத் தெரியாமல் போகிறது.

புட்டிக்குள் காத்திருக்கும் ஆபத்து

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். விருந்து பாதி முடிந்துவிட்டது. சாம்பார் ஆறிப்போயிருக்கிறது. யாரோ ஓர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது அணைஞ்சிருச்சு, அந்தப் புட்டியிலேருந்து கொஞ்சம் ஊத்து” என்கிறார். நீங்கள் பெரிய புட்டியை எடுத்துச் சாய்க்கிறீர்கள். ஆனால் தீ அணையவில்லை. உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் புட்டி பாதி காலி. காலியான இடத்தில் காற்றும் ஆல்கஹால் ஆவியும் கலந்திருக்கின்றன. 30 பாகையில் மூடிய புட்டிக்குள் தூய எத்தனாலின் ஆவி ஏறக்குறைய 10 விழுக்காடு வரை சேரும். மேலே சொன்ன 3.3 முதல் 19 என்ற எல்லைக்குள், நட்ட நடுவில் வந்து நிற்கிறது அந்த எண். நம் ஊர் வெப்பநிலை, புட்டியின் உள்ளே எரிவதற்கு ஏற்ற கலவையைத் தானே தயாரித்து வைத்துவிடுகிறது.

ஊற்றும்போது, சுடர் ஆவியின் வழியே ஏறிப் புட்டிக்குள் நுழைகிறது. உள்ளிருக்கும் கலவை ஒரு நொடிக்குள் எரிந்து விரிகிறது. வெளியேற ஒரே வழி குறுகலான வாய். அந்த அழுத்தம் மிச்சமிருக்கும் எரிபொருளை நெருப்போடு சேர்த்து வெளியே பீய்ச்சி அடிக்கிறது. புட்டி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ, அந்தப் பக்கம் இருப்பவர்மேல் தீ பாய்கிறது. ஜெல்லாக இருந்தால் அது தோலிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு எரியும். சிந்தாது என்பது டின்னில் இருக்கும்வரைதான் நன்மை.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் அலங்காரத் தீக்கிண்ணங்கள் பிரபலமான காலத்தில், எரிந்துகொண்டிருந்த கிண்ணத்தில் புட்டியிலிருந்து ஜெல் ஊற்றியவர்களும் அருகில் இருந்தவர்களும் கடுமையான தீக்காயம் அடைந்தனர். இருவர் உயிரிழந்தனர். 2011 செப்டம்பரில் அங்குள்ள ஒன்பது நிறுவனங்கள், ஊற்றிப் பயன்படுத்தும் ஜெல் எரிபொருளை வீடுகளிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தன.

2014-இல் டென்வர் நகரப் பள்ளி ஒன்றின் அறிவியல் வகுப்பில், ஆசிரியர் நான்கு லிட்டர் புட்டியிலிருந்து மெத்தனால் ஊற்றித் தீயின் தன்மையைக் காட்ட முயன்றார். சுடர் அணையும் நிலையில் இருப்பதைப் பார்த்து மேலும் கொஞ்சம் ஊற்றியபோது, தீ ஏறக்குறைய 12 அடி தூரம் பாய்ந்து ஒரு மாணவரின் மார்பைத் தாக்கியது. 12 அடி என்பது உங்கள் வகுப்பறையில் ஆசிரியர் மேசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் இடையே உள்ள தூரம். எட்டி உட்கார்ந்திருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

அது ஜெல்லி அல்ல

இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளக்கும் ஜெல்லை ஒரு சின்னக் குழந்தை எதுவென்று நினைக்கும்? மிட்டாய் என்றோ ஜெல்லி என்றோதான். சில டின்களில் இருப்பது மெத்தனால். உடலுக்குள் போனால் கல்லீரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றும். அது பார்வை நரம்பைக் கெடுக்கும்; உயிரையும் பறிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்த செய்தி பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களுள் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனாலுக்குத் தனி மணமோ நிறமோ இல்லாததால், குடிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஜெல்லை யாராவது விழுங்கிவிட்டால், நன்றாக இருக்கிறாரே என்று காத்திருக்கக் கூடாது. மெத்தனாலின் பாதிப்பு பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். டின்னைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயன்படுத்தும்போது

1. எரியும் டின்னிலோ கிண்ணத்திலோ ஒருபோதும் ஜெல் ஊற்றாதீர்கள். அணைந்துவிட்டது என்று தோன்றினாலும் ஊற்றாதீர்கள். பழைய டின்னை மூடி ஆறவிட்டு, புதிய டின்னை வைத்துப் பற்றவையுங்கள். அடைத்து விற்கும் டின்களையே வாங்கச் சொல்லுங்கள். பெரிய புட்டி வேண்டாம்.

2. டின்னை முதலில் அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு, நீளமான லைட்டரால் பற்றவையுங்கள். எரியும் டின்னை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போகக் கூடாது.

3. மேசை விரிப்பு, காகிதத் துண்டு, பிளாஸ்டிக் பூ, புடவை முந்தானை, துப்பட்டா ஆகியவை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம்.

4. அணைக்க வாயால் ஊதாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். டின்னின் உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். உயிர்வளி கிடைக்காமல் தீ தானே அணையும்.

5. அணைந்ததா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். மூடி போட்டுக் குறைந்தது அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

6. தண்ணீர்த் தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. அறைக்குள் ஏற்றினால் சன்னலைத் திறந்து வையுங்கள். தூங்கும் அறையில் ஏற்றவே வேண்டாம்.

8. மிச்சமுள்ள டின்களை இறுக மூடி, அடுப்புக்கும் வெயிலுக்கும் தூரமாக, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

தீப்பிடித்துவிட்டால்

உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் தீக்கு மேலும் காற்று கிடைக்கும். நின்ற இடத்திலேயே தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். தீ மேசைக்குப் பரவிவிட்டால், எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழையுங்கள்.

தீக்காயத்தின்மேல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் மெதுவாக ஓடட்டும். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, சோயா சாஸ், வெண்ணெய், காப்பித்தூள் எதையும் பூசாதீர்கள். பாட்டி சொன்னாலும் பரவாயில்லை, அன்போடு மறுத்துவிடுங்கள். பூசியவை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஐந்தாம் படிவ வேதியியலில் கரிமச் சேர்மங்களைப் படிக்கும்போது, ஆல்கஹால் எரிந்து கரிவளியும் நீரும் தருகிறது என்று சமன்பாடு எழுதுவீர்கள். அந்தச் சமன்பாடுதான் கல்யாண மண்டப மேசைக்கு அடியிலும் நடந்துகொண்டிருக்கிறது. வரும் தீபாவளிக்கு உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஜெல் டின் வாங்கினால், முதலில் நீங்கள் எடுத்துப் பாருங்கள். உள்ளே எத்தனாலா, மெத்தனாலா? எவ்வளவு நேரம் எரியும்? மூடி இருக்கிறதா? இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, “எரியும்போது யாரும் ஊத்தாதீங்க” என்று வீட்டில் ஒரு முறை சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.